களிம்பேறிய பல்பு

மதுரையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிற ஒரே பைத்தியம் நான்தான் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பெருமையாகத்தான் சொல்லுவார். "நம்ம ஹெப்சி இருக்காளே, ஆள் இல்லாத ரோட்லகூட இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவா. லைட்டு எரியலன்னா வண்டியவே எடுக்க மாட்டா" என்பார். சர்ச் வாசலில் நின்று அவர் இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும். கட்டிய மனிதர் நம்மை இவ்வளவு கவனித்து வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊரில் ஆட்டோக்காரர் காலை வெளியே நீட்டினால் அந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பொருள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா கையை ஆட்டினால் அந்தக் குடும்பம் வலது பக்கம் போகிறது. பஸ்ஸுக்கு ஒன்றும் வேண்டாம், அது எங்கே திரும்பினாலும் நாம்தான் ஒதுங்க வேண்டும். நேராகப் போவதற்காக நாலு விளக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போகிற கார்க்காரர்களும் இங்கே உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கு அப்படியே இறங்கிப் போய் காதைத் திருக வேண்டும் போல இருக்கும்.

நான் கணக்கு டீச்சர். எதையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள். மகன் ஜெய்சன் வேலைக்கு பெங்களூர் போன பிறகு, நாற்பத்தாறு வயதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரர் ஞானசீலன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னதற்கு, "நீ ஓட்டு, நான் ஏசில உக்காந்துக்கிறேன்" என்று சிரித்தார். தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் இடது, வலது இரண்டையும் போட்டுப் பார்ப்பேன். எல்லாம் எரிந்தால் உள்ளே டிக், டிக் என்று நிதானமாகச் சத்தம் கேட்கும். ஒரு பல்பு போயிருந்தாலும் அந்தச் சத்தம் படபடவென்று பதறும். பதறினால் சாவியை எடுத்துவிடுவேன், பஸ்ஸுக்குப் போய்விடுவேன். மற்றவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். எனக்கு அது ஒழுக்கம்.

இந்த ஜூனில் எங்கள் மிஷன் நிர்வாகம் என்னைப் பேரையூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்புத் தலைமையாசிரியையாகப் போட்டது. முதல் பருவத்தை ஒழுங்காக நடத்திக் காட்டினால் பதவி நிரந்தரம். அதற்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். யாரோ போட்ட டைம்டேபிளுக்கு ஓடி ஓடியே என் வயது போயிருந்தது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கணக்கு வகுப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுவார்கள். பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், பிறகு கணக்கு வரவில்லை என்று அடி வாங்குவார்கள். அங்கே போன முதல் வாரமே கணக்கை முதல் பீரியடுக்கு மாற்றினேன். சின்னக் காரியம்தான். ஆனால் அன்று நான் அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட அடைந்ததில்லை.

தாளாளர் இம்மானுவேல் ஐயா எங்கள் சபைக்காரர்தான், ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "காலைல ஜெபத்துக்கு மணி அடிக்கும்போது நீங்க அங்க நிக்கணும் டீச்சர். எச்.எம்மே லேட்டா வந்தா மத்தவங்க அதுக்கும் லேட்டாத்தான் வருவாங்க."

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கார் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், நேரத்துக்கு நிற்கலாம். பஸ் என்றால் திருமங்கலம் போய், பேரையூர் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, முதல் பீரியட் பாதியில்தான் போய்ச் சேர முடியும். ஆக, கார் ஓடினால் நான் தலைமையாசிரியை, ஓடாவிட்டால் இல்லை.

ஜூலையில் முதல் பல்பு போனது. முன்பக்கம், இடது. விமான நிலையச் சாலையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அழகுராஜா வீட்டுக்கே வந்து புதுசு மாட்டினான். கழற்றிய பல்பை, "பழசு இந்தாங்க சார்" என்று என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். "குடு, நான் குப்பைல போட்டுர்றேன்" என்று அவரும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் ஆகவில்லை, அதே பல்பு மறுபடி போனது. அன்றைக்குப் பள்ளியில் மாவட்டக் கல்வி அலுவலர் வருகிற நாள். பஸ்ஸில் போய் இறங்கியபோது அவர் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் இரண்டு தடவை போனது. ஒரு தடவை சுதந்திர தினத்துக்குக் காலையில். கொடியைப் பெர்சி டீச்சர் ஏற்றினாள். அவள் எனக்கு அடுத்த நிலையில் இருப்பவள், பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள், ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் குடும்பத்தோடு எங்கள் சபைக்கு வந்துவிடுவாள். "நீங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தோம் டீச்சர்" என்றாள். வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் எரிந்தது.

அழகுராஜா தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தான். வோல்டேஜ் கூடப் போனால் பல்பு பொசுங்கும் என்று மீட்டர் வைத்துப் பார்த்தான், சரியாக இருந்தது. எர்த் வயரைச் சுரண்டித் துடைத்து முறுக்கினான். மழைத்தண்ணீர் இறங்குகிறதோ என்று லைட்டைச் சுற்றி பசை வைத்து அடைத்தான். பல்பு ஆட்டம் கண்டாலும் உள்ளே இழை அறுந்துபோகும் என்று ஹோல்டரையே மாற்றினான். மறுபடி போனது. "எனக்கே வெளங்கல மேடம். இம்புட்டு பல்பு லாரிக்குக்கூட போவாது" என்று தலையைச் சொறிந்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மட்டமான பல்பைத் தலையில் கட்டுகிறாயா என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. அவன் போன பிறகு என் வீட்டுக்காரர், "அவனுக்கும் பொழப்பு ஓடணும்ல. விடு ஹெப்சி" என்றார். சமாதானப்படுத்துகிறது மாதிரிதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அழகுராஜாதான் ஏமாற்றுக்காரன் என்று அந்த ஒரு வாக்கியத்தில் முத்திரை குத்தியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பல்பு போனதே இல்லை. சர்ச்சுக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு சொகுசாகப் போய் வருவோம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கணக்கு டீச்சராம்!

செப்டம்பரில் தாளாளர் போன் செய்தார். "வர்ற திங்கக்கெழம நானே ஸ்கூலுக்கு வாரேன் டீச்சர். ஜெபத்துல நீங்க நிக்கிறதப் பாத்துட்டு, அன்னைக்கே பதவி யாருக்குன்னு முடிவு சொல்லிருவேன். லேட்டுங்கிற பேச்சு இனி வேண்டாம்." போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்.

கர்த்தரோடு நானும் பார்த்துக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் சிம்மக்கல் போனேன். உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து அது. பார்சல் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல பல்பாக ஒன்று எடுத்து, எப்படி மாட்டுவது என்று ஒரு பழைய ஹோல்டரில் காட்டினார். "அமுக்கித் திருகுங்கம்மா. அம்புட்டுத்தான்." நானும் அங்கேயே நாலைந்து தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தேன். இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, நானே அந்தப் பல்பை மாட்டினேன். அடியில் இருந்த பித்தளை பளபளவென்று புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. போட்டுப் பார்த்தேன். டிக், டிக் என்று நிதானமான சத்தம். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரிதான்" என்றார். நான் முகத்தில் கரியோடு சிரித்தேன்.

திங்கள் காலையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து இண்டிகேட்டர் போட்டேன். சத்தம் படபடவென்று பதறியது.

இறங்கிப் பானெட்டைத் திறந்து பல்பைக் கழற்றினேன். கண்ணாடி உள்ளே கரிப்பிடித்துப் போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை, பொசுங்கினால் கரி பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அடியில் இருந்த பித்தளை பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. நேற்று மின்னிய பித்தளை ஒரே இரவில் எப்படிக் களிம்பேறும்? இது நான் மாட்டிய பல்பு இல்லை. இது என்றைக்கோ செத்துப்போன பல்பு.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அவர் விடியும் முன்னே எழுந்து ஜெபம் செய்கிறவர். அந்த நேரத்தில் அவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நான் புரண்டுகூடப் படுக்க மாட்டேன்.

உள்ளே போனேன். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்பை அவர் முன்னால் நீட்டி, "நேத்து நான் போட்ட பல்பு எங்கங்க?" என்று கேட்டேன்.

மறுத்துப் பேசியிருந்தால்கூட நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அவர் மறுக்கவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, துணிக்கடை மஞ்சள் பையொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பல்புகள். எல்லாம் நல்ல பல்புகள், அழகுராஜா ஒவ்வொரு தடவையும் மாட்டிவிட்டுப் போனவை, மேலாக நேற்று நான் மாட்டியது. ஒரே ஒரு செத்த பல்பை வைத்துக்கொண்டு, வேண்டிய அன்றைக்கெல்லாம் நல்லதைக் கழற்றிவிட்டு அதை மாட்டியிருக்கிறார்.

"நல்ல பல்பு. தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. "ஏங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பயமா இருந்துச்சு ஹெப்சி. அந்தக் கல்லுப்பட்டி ரோட்ல லாரி வர்ற வரத்து உனக்குத் தெரியாதா? நீ போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வருது."

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா?"

"கேட்டுருக்க மாட்டேன்."

"அதான்" என்றார்.

பேசுவதற்கு நேரமில்லை. பையிலிருந்து ஒரு பல்பை எடுத்துப் போய் அமுக்கித் திருகினேன், எரிந்தது. கிளம்பிவிட்டேன். திருமங்கலம் தாண்டும்வரை அவரைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன். காருக்குள் தனியாக, சத்தமாக. கல்லுப்பட்டி நெருங்கும்போது எதிரே ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்து போனது. அப்போதுதான், இந்த மனிதர் நிஜமாகவே பயந்துதான் செய்திருப்பாரோ என்று மனசு இளக ஆரம்பித்தது. கூறுகெட்டுப்போய்ச் செய்துவிட்டார், ஆனால் பாசத்தில் செய்திருக்கிறார். சாயங்காலம் போய் நல்லா நாலு வாங்கு வாங்கிவிட்டு மன்னித்துவிடலாம் என்றே முடிவு செய்தேன். அப்படிப்பட்ட முட்டாள் நான்.

மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தாளாளர் மேடையில் நின்றார். அவர் பக்கத்தில், தலைமையாசிரியர் நிற்கிற இடத்தில், பெர்சி நின்றாள். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஆச்சரியம்தான் தெரிந்தது. "வாங்க டீச்சர். நீங்க இன்னைக்கு வர மாட்டீங்கன்னுல நெனச்சேன்" என்றார்.

ஜெபம் முடிந்து அறைக்குள் போனதும் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம், நான் சிம்மக்கல்லில் பல்பு மாட்டப் பழகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் வீட்டுக்காரர் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். 'ஹெப்சியால முடியல ஐயா. வண்டியும் தொந்தரவு குடுக்குது. அவளுக்கு உங்ககிட்ட சொல்லச் சங்கடமா இருக்கு, அதான் என்னைய அனுப்பிருக்கா. பதவிய வேற யாருக்காவது குடுத்துருங்க' என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமையே எல்லாம் முடிந்திருக்கிறது. பிறகு எதற்கு இன்றைக்கும் பல்பு? நான் நேரத்துக்கு வந்து நின்றால் அவர் குட்டு வெளிப்பட்டுவிடும். தாமதமாக வந்தால், தாமதத்தால்தான் பதவி போனது என்று நானே நினைத்துக்கொள்வேன். வாழ்நாள் முழுக்க அழகுராஜாவைத் திட்டிக்கொண்டிருப்பேன், இவரும் கூட உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். லாரிக்குப் பயந்தவர் செய்கிற வேலையா இது?

"நான் அவர அனுப்பல ஐயா" என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இந்த வேலை வேணும்."

தாளாளர் சங்கடத்தோடு நெளிந்தார். "நேத்து ஆராதன முடிஞ்சு பெர்சி குடும்பத்த வீட்டுக்குக் கூப்ட்டு ஜெபம் பண்ணிட்டனேம்மா. தலைல கைய வச்சு ஜெபம் பண்ணதுக்கப்புறம் எப்பிடி மாத்துறது?"

"ஜெபம் பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாமே ஐயா?"

"உங்க வீட்டுக்காரர்தானம்மா வந்து சொன்னாரு. வேத்தாளா சொன்னாரு?"

வேற்று ஆள் சொல்லியிருந்தால் அவர் எனக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார். வீட்டில் கூட இருந்தவர் வேற்று ஆளாக இருந்திருந்தால் நானும் பானெட்டை எப்போதோ திறந்து பார்த்திருப்பேன். அறையை விட்டு வெளியே வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பீரியட் தொடங்கியிருந்தது. போய்ப் பாடம் எடுத்தேன். கரும்பலகையில் எழுதும்போதுதான் அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்காமல் திரும்பி நின்றே பீரியட் முழுக்க எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டீ போட்டு மூடி வைத்திருந்தார். நான் தொடவில்லை. "சனிக்கிழம இம்மானுவேல் ஐயா வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட்டு. நீ எச்.எம்னு ஆனா அங்கயே கெடப்ப. லீவு நாள்லயும் மீட்டிங்கும்ப. நான் இந்த வீட்ல சொவத்தப் பாத்துட்டு ஒத்தையில உக்காந்திருக்கணுமா?" என்றார்.

"இதையும் எங்கிட்ட கேட்டுருக்கலாம்."

"நீ பிடிச்சா பிடிச்சதுதான் ஹெப்சி, அது எனக்குத் தெரியும். பல்பு எரியலன்னா வண்டிய எடுக்க மாட்ட, அதுவும் தெரியும். வேற எவளா இருந்தாலும் கைய நீட்டிட்டு ஓட்டிப் போயிருப்பா. நீ போக மாட்ட. உன்னைய எனக்குத் தெரியாதா?"

சர்ச் வாசலில் நின்று சொல்லுவாரே, அதே குரலில் சொன்னார். அதே பெருமை. இத்தனை வருஷமாக இந்த மனிதர் என்னைக் கவனித்தது, பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தானா? என்னிடம் இருந்த ஒரு நல்ல குணத்தைப் பிடித்து என்னையே கட்டிப்போட்டுவிட்டார். கெட்ட குணத்தைப் பிடித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டார். நாளானால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கார்க் கதவைத் திறக்கப் போனார். "ஷேர் ஆட்டோல வாங்க" என்று சொல்லிவிட்டு நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் சபையில் ஆராதனை நடுவில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள். பிள்ளை பாஸானது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீடு கட்டியது என்று அவரவர் காரணத்தை எழுதிப் பணத்தோடு கவரில் வைத்துக் கொடுப்பார்கள். போதகர் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். அன்றைக்கும் வாசித்தார். பெர்சி குடும்பத்தார், பதவி உயர்வுக்காக. பெண்கள் பக்கம் முன் வரிசையில் பெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கவரைப் பிரித்தார்.

"சகோதரர் ஞானசீலன், சகோதரி ஹெப்சிபா குடும்பத்தார். கர்த்தர் சகோதரியைப் பிரயாணங்களில் பத்திரமாகக் காத்து, குடும்பமாக ஒரு நல்ல தீர்மானம் எடுக்கக் கிருபை செய்தபடியால், ஸ்தோத்திரக் காணிக்கை."

பக்கத்தில் இருந்தவள் என் கையைத் தொட்டுச் சிரித்தாள். எல்லோரும் "ஆமென்" சொல்ல வாயைத் திறந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். ஆராதனை நடுவில் பெண்கள் பக்கமிருந்து யாரும் எழுந்து பேசி எங்கள் சபையில் நான் பார்த்ததில்லை.

"ஐயா, அதுல இருந்து எம் பேர எடுத்துருங்க."

போதகருக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"தீர்மானம் எடுத்தது அவரு மட்டுந்தான். எங்கிட்ட யாரும் கேக்கல. என்னையக் கேக்காம எம் பேரு அதுல வேண்டாம். அவரு பேர மட்டும் வாசிங்க."

முன் வரிசையில் இருந்த தாளாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை. போதகர் வாசித்து முடிக்கிறவரை உட்காருவதில்லை என்று நின்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காகிதத்தைக் கிட்டத்தில் பிடித்து, முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தடவை ஒரு பேர்தான் வந்தது. ஆண்கள் பக்கம் எல்லாரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.